மசினகுடி ஞாயிறு: செம்முகப் பாறு தேட வருவோருக்கு

வணக்கம் நண்பர்களே. விடியற்காலையிலேயே வந்து கழுத்து வலிக்க வானம் பார்க்க வேண்டாம். பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், வெப்பக் காற்று எழும்பிய பிறகுதான் உயரே வரும். ஒன்பதரைக்குத் தயாராக இருந்தால் போதும். பதினொன்றுக்கு மேல் கானல் அலைபாய்ந்து ஸ்கோப்பில் எல்லாமே கரும்புள்ளிதான்.

எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும். கூட்டமாகச் சுற்றுபவை பெரும்பாலும் வெண்முதுகுப் பாறுகள். செம்முகம் தனியாக, அல்லது ஜோடியாக வரும். இறக்கையை லேசாக மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தே மிதக்கும்.

நிறைய பேர் ஏமாறுவது இறக்கையின் அடிப்பக்க வெள்ளையில்தான். வெண்முதுகுப் பாறுக்கு இறக்கையின் முன்பாதி அகலமாக வெளுத்திருக்கும். செம்முகத்துக்கு நடுவில் மெல்லிய வெளிர்கோடு மட்டும். கூடவே தொடை ஓரங்களில் இரண்டு வெள்ளைத் திட்டு. எதிர்வெயிலில் தலைச் சிவப்பு தெரியாது, அதை நம்பி முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் அமர்ந்தால் கண்ணைப் பாருங்கள்: ஆணுக்கு வெளிர் நிறம், பெண்ணுக்கு அடர்பழுப்பு.

செத்த மாடு கிடந்தால் அருகே போகாதீர்கள். கூச்சமுள்ள பறவை; ஆள் நின்றால் மரத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் பறந்துவிடும், அன்றைய சாப்பாடு போச்சு. முதுமலைப் புலிகள் காப்பகச் சாலையில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, டிரோன் கூடவே கூடாது.

கூடு கண்டால் இடத்தைக் குழுவில்கூடப் போடாதீர்கள். ஒரு முறைக்கு ஒரே முட்டைதான் இடும். படம் பகிருமுன் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள்.