கடல் இடப்பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நீ குரலில் சொல்லி அனுப்பச் சொன்னாய். மூன்று நாள் கதையை அந்தச் சின்ன மைக்கை அமத்திக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. போன முறை உனக்கென்று சொன்னது விரல் வழுக்கிப் பெரியப்பாவுக்குப் போய்விட்டது. அதனால் எழுதித் தம்பியிடம் கொடுக்கிறேன். அவன் படம் எடுத்து அனுப்புவான்.

நீ அனுப்பிய தாளைத் தம்பி வாசித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கிழக்குக் கரையோரம், மூன்று நாள், ஏ.சி. பஸ், வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து. மட்டக்களப்பு டிப்போவில் 31 வருடம் பஸ் ஓட்டியவனைப் பொத்துவில் வீதியைப் பார்த்துவிட்டு வா என்று பெற்ற பிள்ளையே காசு கட்டி அனுப்புகிறாளே என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "நான் போறன். நீங்க வேணுமெண்டா வீட்ட நில்லுங்க" என்றார். பிறகென்ன, பெட்டியைக் கட்டினோம்.

பஸ் கொழும்பிலிருந்து இரவோடு இரவாக வந்தது. நாங்கள் ஏறும்போது உள்ளே பாதிப் பேர் போர்வைக்குள் இருந்தார்கள். கொழும்புத் தமிழர்கள், கனடாவிலிருந்து வந்த இரண்டு குடும்பம், ஓய்வு பெற்ற ஆசிரியைகள் நாலு பேர். வழிகாட்டி ஹட்டன் பக்கத்துப் பையன். உன் தம்பியின் வயதுதான் இருக்கும், நல்ல தமிழ். ஓட்டுநர் குருநாகலைச் சேர்ந்த சிங்களப் பொடியன். அவன் கியர் மாற்றுவதை வாசலிலேயே நின்று பார்த்தேன். கிளச்சில் காலைச் சும்மா வைத்துக்கொண்டு ஓட்டுகிற பழக்கம் இல்லை. அப்போதுதான் போய் உட்கார்ந்தேன்.

முதல் நாள் எங்கள் ஊரையே எங்களுக்குக் காட்டினார்கள். கோட்டை, வெளிச்சவீடு, கல்லடிப் பாலம். பழைய பாலத்தை லேடி மனிங் என்ற அம்மையார் கட்டியதாகப் பையன் மைக்கில் சொன்னான். மனிங் அப்போதைய ஆளுநர், அவருடைய மனைவியின் பெயரைப் பாலத்துக்கு வைத்தார்கள், 1924 இல் திறந்தது என்று இறங்கும்போது காதோடு சொன்னேன். கோபிக்கவில்லை, கொப்பியில் எழுதிக்கொண்டான். அந்தப் பாலத்தில் நான் காத்துக் கிடந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு வருடம் வரும். ஒரு வாகனம்தான் போகலாம். அந்தப் பக்கத்தால் வரிசை வரத் தொடங்கினால் இந்தப் பக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு இருக்க வேண்டியதுதான். 2013 இல் புதுப்பாலம் திறந்த பிறகு பழையதில் ஆட்கள் காற்று வாங்குகிறார்கள். நானும் இப்போதுதான் அதில் முதன்முதலாக நடந்தேன்.

ஆனால் அவனிடமும் எனக்குத் தெரியாத விஷயம் இருந்தது. ஹெர்மிஸ் என்ற கப்பல் கல்லடிக்கு நேரே கடலில் தாழ்ந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். விமானம் ஏற்றுவதற்கென்றே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அதுதானாம். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டுத் தாழ்த்தியிருக்கிறான். 300 பேருக்கு மேல் அதோடு போனார்கள். 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. மூழ்கிப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது. நான் பாலத்தில் முன்னால் நிற்கிற லொறியை ஏசிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பின்னேரம் தோணியில் ஏற்றி, தண்ணீருக்குள் மீன் பாடுகிறது என்பார்களே, அந்த மீன் பாட்டுக் கேட்கக் கொண்டுபோனார்கள். மகள், எஞ்சின் தோணி! நிலவும் இல்லை. முழு நிலவில், சத்தமில்லாமல் போய், துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி மற்ற நுனியைக் காதில் வைத்துக் கேட்க வேண்டியது. கனடாப் பிள்ளை ஒன்று தனக்குக் கேட்டது என்று சொன்னது. கேட்டிருக்கும், விடு.

பாசிக்குடாவில் இரவு. கரையிலிருந்து எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான். அம்மா சேலையோடு இறங்கி, அறைக்குப் போவோம் என்று நான் மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் ஏறினார். ஹோட்டல் நல்ல துப்புரவு. காலையில் பிட்டு வைத்திருந்தார்கள், அம்மா ஒரு வாய் எடுத்துவிட்டுப் பாணுக்கு மாறிவிட்டார். மட்டக்களப்புத் தயிரைப் பிளாஸ்ரிக் கிண்ணத்தில் தந்தார்கள். சட்டியில் உறைந்த தயிரை வழித்து எடுத்துத் தின்று வளர்ந்தவனுக்கு அது தயிர் மாதிரி ஒன்று.

இரண்டாம் நாள்தான் என் வீதி. கல்லடி தாண்டியதும் நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. பஸ்ஸின் உயரம் வேறு, சத்தம் வேறு, வளைவு மட்டும் அதே வளைவு. என் வலது கால் தன்பாட்டில் பிரேக் தேடியது. அம்மா தொடையில் தட்டினார்.

தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம், ஆறு வலப்பக்கம். பையன் அதை வாவி என்றான். எழுத்தில் சரி, நாங்கள் ஆறு என்றுதானே சொல்லுவோம். ஓட்டுநர் இருப்பது வலப்பக்கம். அப்படியென்றால் 31 வருடமும் போகும்போது என் பக்கம் ஆறு, அதற்கு அப்பால் படுவான்கரை வயல். திரும்பி வரும்போது கடல் என் பக்கம் வரும், ஆனால் எதிரே வருகிற வாகனமும் அந்தப் பக்கத்தால்தான் வரும். அப்போது யார் கடலைப் பார்ப்பது? எங்களுடையது இடப்பக்கம் இரண்டாவது வரிசை. வீடுகளுக்கும் தென்னைகளுக்கும் இடையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை ஒரு துண்டு நீலம் வந்து வந்து போனது. அது அங்கே இருந்தது எனக்குத் தெரியாது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

நான் பழைய ஓட்டுநர் என்று அம்மா ஆசிரியைகளிடம் சொல்லிவிட்டார். பையன் மைக்கைக் கொண்டுவந்து கையில் தந்துவிட்டான். ஐயா, இந்த வீதியைப் பற்றிச் சொல்லுங்கள். எனக்கு என்ன சொல்லத் தெரியும்? வாயில் வந்தது தரிப்பிடங்கள்தான். நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, புதுக்குடியிருப்பு, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம் என்று கண்டக்டர் கத்துகிற மாதிரியே சொல்லிக்கொண்டு போனேன். செட்டிபாளையம் என்றதும் பின்னாலிருந்து ஒரு குரல், "இறக்கம்!" பஸ் முழுக்கச் சிரித்தது. பார்த்தால் கொழும்பிலிருந்து வந்த ஒரு வயசாளி, என்னிலும் மூத்தவர். 50 வருடத்துக்கு முன் அந்த ஊரை விட்டுப் போனவராம். இறங்க நேரமில்லை என்று பையன் மணிக்கூட்டைக் காட்டினான். ஆனால் ஓட்டுநருக்கு யாரும் ஒன்றும் சொல்லாமலே பஸ் மெதுவாகிவிட்டது. அவர் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு களுதாவளை வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார்.

கண்ணாடி திறக்க ஏலாது. இதுதான் இந்த ஏ.சி. பஸ்ஸில் எனக்குப் பிடிக்காதது. காத்தான்குடியில் இறைச்சிக் கடை, களுவாஞ்சிகுடியில் சந்தை, கல்லாற்றில் கருவாடு என்று கண்ணை மூடிக்கொண்டே ஊர் சொல்லுவேன் நான். இப்போது எல்லா ஊருக்கும் ஒரே மணம், அந்தச் செயற்கை எலுமிச்சை மணம். குளிர் வேறு. அம்மா சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு இருந்தார்.

மருதமுனையில் கைத்தறிக் கடையில் நாற்பது நிமிடம் நின்றோம். காரைதீவில் விபுலானந்த அடிகள் பிறந்த வீட்டில் பத்து நிமிடம். ஏன் இப்படி என்று கேட்டேன். பையன் தலையைச் சொறிந்தான். அம்மா அதற்குள் இரண்டு சாறம், உனக்கு ஒரு சேலை எடுத்துவிட்டார், அதனால் நான் மேலே கேட்கவில்லை. சுனாமியைப் பற்றியும் சொன்னான், எத்தனையாம் ஆண்டு, அலை எவ்வளவு உயரம் என்று. நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். உனக்குத் தெரியாததா.

கோமாரி தாண்டிப் பின் டயர் ஒன்று போய்விட்டது. எல்லாருக்கும் முகம் வாடிவிட்டது. எனக்கென்றால் விடுமுறை கிடைத்த மாதிரி. சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஜக்கு மண்ணில் புதையாமல் இருக்க அடியில் பலகை வைக்க வேண்டும், அந்தப் பொடியன் அதற்கு முன்பே பலகையோடு நின்றான். நல்ல பிள்ளை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவனும், அவனுக்குத் தெரிந்த தமிழில் நானும் பேசி நட்டுக் கழற்றி முடிய ஒரு மணித்தியாலம். அதற்குள் மற்றவர்கள் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார்கள். நான் கை துடைத்துக்கொண்டு போனபோது அங்கே கரைவலை இழுக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆள் நின்று, அம்பாப் பாட்டுப் பாடி, அடி அடியாகப் பின்னுக்கு வைத்து. கனடாக்காரப் பிள்ளைகளும் கயிற்றைப் பிடித்து இழுக்கின்றன! வலை கரைக்கு வந்தபோது கீரி மீனும் சூடை மீனும் துள்ளி வெயிலில் மின்னின. வலைக்குச் சொந்தக்காரர், சம்மாட்டியார், ஒரு பை நிறைய அள்ளித் தந்தார், காசு வாங்கவில்லை. அதை ஏ.சி. பஸ்ஸில் ஏற்றலாமா என்று பெரிய கூட்டம் நடந்தது. கடைசியில் வீதியோரம் ஒரு தேநீர்க் கடைக்காரரிடம் கொடுத்தோம், அவர் பொரித்தே தந்துவிட்டார். நீ கட்டிய காசில் இல்லாத சாப்பாடு அதுதான், மூன்று நாளில் நல்ல சாப்பாடும் அதுதான்.

இனி அறுகம்பை. இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கலியாணம் முடித்த புதிதில் அம்மா ஒருநாள் என் பஸ்ஸில் பொத்துவில் வரைக்கும் வந்தார், முன் சீற்றில். உல்லைக் கடலை, இந்த அறுகம்பையைத்தான், பார்க்க வேண்டும் என்று கேட்டார். பொத்துவிலில் இருந்து மூன்று நாலு கிலோமீற்றர்தான் இருக்கும். எனக்கு அங்கே இருபது நிமிடம்தான், தேநீர் குடித்து, நேரக் கணிப்பாளரிடம் ஒப்பம் வாங்கி, பஸ்ஸைத் திருப்ப வேண்டும். அடுத்த ட்ரிப்பில் பார்ப்போம் என்றேன். அடுத்த ட்ரிப் வரவில்லை. பிறகு நீ பிறந்தாய், சண்டை வந்தது, இறங்கி நடந்து சோதனை கொடுத்து ஏறுகிற காலம் வந்தது. அதற்குப் பிறகு கடல் வந்து அறுகம்பைக்குப் போகிற பாலத்தையே உடைத்துப் போட்டது. அம்மா திரும்பக் கேட்கவில்லை. நான் எத்தனை ஆயிரம் முறை பொத்துவிலுக்குப் போயிருப்பேன், ஒரு முறைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

விடிய ஐந்தரைக்கு எழும்பிப் போனோம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலகையோடு முனைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். பையனும் வந்தான். தென்பெருங்கடலில் இருந்து வருகிற அலை முனையைச் சுற்றி வளைந்து வரிசையாக உடைகிறது, கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அலையின் முகம் குலையாமல் நிற்கிறது, அதனால்தான் வைகாசி தொடங்கி ஐப்பசி மட்டும் உலகம் முழுவதிலும் இருந்து ஆள் வருகிறது என்றான். கச்சான் என்றால் தொண்டை காய்கிற காற்று, ஸ்டியரிங் கொதிக்கிற காற்று என்றுதான் எனக்குத் தெரியும். அதுக்கும் ஒரு வேலை இருக்கிறது பார்.

அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதுதானா அந்த அடுத்த ட்ரிப்?" என்றார். ஓம் என்றேன். "பிந்தித்தான் வந்திருக்கு, பஸ்" என்றார். அவ்வளவுதான்.

அன்று பாணமைக்குப் போய், பெரிய பஸ் அதற்கு மேல் போகாது என்று ஜீப்பில் ஏற்றி உகந்தை முருகன் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். வழி நெடுகக் கதிர்காம யாத்திரைக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்தே நடந்து வருகிறவர்களும் இருந்தார்கள், தலையில் மூட்டை, கையில் வேல், வெறுங்கால். காட்டுப் பாதை திறந்ததும் குமணை வழியால் போவார்கள். எங்கள் ஜீப் தூசி கிளப்பியபோது அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மெதுவாக ஓட்டச் சொல்லி, கோயிலுக்கு அரை மைல் இருக்கும்போதே இறங்கி நடந்தார். வள்ளியம்மன் மலைக்கும் ஏறினார். எனக்கு முழங்கால் விடவில்லை, கீழே இருந்து பார்த்தேன்.

மத்தியானம் அவர்கள் மொனராகலை வழியாகக் கொழும்புக்குப் போக, நாங்கள் பொத்துவிலில் இறங்கிச் சாதாரண பஸ் பிடித்தோம். அம்மா வலப்பக்க ஜன்னலைப் பார்த்து இருந்து, கண்ணாடியை முழுக்கத் தள்ளிவிட்டார். கருவாட்டு மணம் வந்தது.

நீ ஆவணியில் வரும்போது வான் பிடிப்பதா, இப்படி ஒரு சுற்றுலாவில் போவதா என்று கேட்டிருந்தாய். வானில் போனால் நினைத்த இடத்தில் நிற்கலாம், பிள்ளைகளுக்குக் குளிராது, செலவும் குறையும். எல்லாம் சரி. ஆனால் வான் பிடித்தால் மருமகன் சாவியை என்னிடம்தான் தருவார், நானும் வாங்கிவிடுவேன். பஸ்ஸிலேயே போடு. ஆறு சீற்று, இடப்பக்கம். முதல் வரிசை வழிகாட்டிக்குப் போய்விடும், இரண்டாவதிலிருந்து கேள். அம்மாவுக்கு ஒரு மெல்லிய கம்பளிச் சால்வை கொண்டுவா.

அன்புடன்,
அப்பா