யட்சியைச் செதுக்கியவரையும் அறிமுகப்படுத்துவோம்

ஐயா,

சிற்பி கானாயி குஞ்ஞிராமனின் வாழ்வும் பணியும் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை மகிழ்ச்சியளித்தது. ஆயினும், கேரளத்தின் மலம்புழா அணைப் பூங்காவில் அவர் வடித்த, நாட்டார் கதைகளில் வரும் பெண் உருவான யட்சி சிலையின் நிர்வாணத்துக்கு எழுந்த எதிர்ப்பை விரிவாகப் பேசிய அக்கட்டுரை, அவர் பயின்ற சென்னை ஓவியக் கல்லூரியை ஒரே வரியில் கடந்துவிட்டது. 1937இல் இன்றைய காசர்கோடு மாவட்டத்தில் பிறந்து, சென்னையில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரிடம் கற்று, லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளி வரை சென்று திரும்பிய அவர், 1969இல் 30 அடி உயர யட்சியைக் கான்கிரீட்டில் எழுப்பினார். அச்சிலை அமர்ந்திருக்கும் பூங்காவை ஒட்டிய அணையும், பாலக்காடு சென்னை மாநிலத்தில் இருந்தபோது, 1955இல் காமராஜர் திறந்து வைத்ததுதான். கலைக்கூடத்தின் வாசலை மிதித்திராத மக்களும் அண்ணாந்து பார்க்கும்படி திறந்தவெளியில் சிற்பம் படைத்ததே அவருடைய பெருஞ்சாதனை. அம்மக்களில் தமிழர் கணிசமானோர் என்பதை மறக்கலாகாது.

கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் நான் பொள்ளாச்சி உறவினர்களை அங்கு அழைத்துச் செல்வதுண்டு. கூந்தலுக்குள் கைகளை நுழைத்து, முகத்தை வானோக்கி உயர்த்தியிருக்கும் அந்த உருவத்தின் முன் படம் எடுத்துக்கொள்ளும் அவர்கள், 'இது எந்த ஊர் அம்மன்?' என்று கேட்பார்களே தவிர, செய்தவர் யாரென்று கேட்டதில்லை. எனவே, சிற்பியின் வாழ்க்கைக் குறிப்பையும் சென்னையில் அவர் பெற்ற பயிற்சியையும் மலையாளத்துடன் தமிழிலும் பொறித்த பலகையொன்றைச் சிலையருகே நிறுவவும், எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகளின் கல்விச் சுற்றுலாவில் அவ்விடத்தைச் சேர்க்கவும் உரியவர்கள் முன்வர வேண்டும்.

வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்