படுக்கைகளை மட்டும் எண்ணினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனை விரிவாக்கம் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, இனித் தேவைப்படும் படுக்கைகளை அக்கறையோடு கணக்கிட்டிருந்தாலும், அந்தப் படுக்கைகளில் இருப்போரை யார் கவனிப்பார்கள் என்ற கேள்வியைத் தொடவில்லை. செவிலியர்களுக்குப் பணிநேர அட்டவணை தயாரிக்கும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில், திட்டமிடல் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

ஒரு வார்டில் இரவும் பகலும் ஒரு செவிலியர் இருக்க வேண்டுமானால், வாரத்தின் 168 மணி நேரத்துக்கும் ஆள் வேண்டும். ஒருவர் வாரம் 40 மணி நேரம் உழைத்தால் அதற்கே நான்கு பேருக்கு மேல் தேவை. விடுப்பையும் உடல்நலக் குறைவையும் பயிற்சி நாட்களையும் சேர்த்தால் ஐந்து பேராவது இல்லாமல் முடியாது. இதை மறந்து ‘ஒரு பணியிடம்’ என்று எழுதும் திட்ட அறிக்கையின் சுமை, இருப்பவர்களின் இரட்டைப் பணியாக வந்து விடிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுச் செவிலியர் அறிக்கை, உலகச் செவிலியர்களில் ஆறில் ஒருவர் அடுத்த பத்தாண்டுகளில் ஓய்வு பெறக்கூடும் என்றும், எட்டில் ஒருவர் தாம் பிறந்த அல்லது பயின்ற நாட்டுக்கு வெளியே பணிபுரிகிறார் என்றும் கூறியது. பகுதிநேரப் பணியைத் தேர்ந்தெடுப்போரும் உண்டு. ஆகவே ஆள் எண்ணிக்கையைவிட, அவர்களிடமிருந்து கிடைக்கும் மணிநேரமே நம்பத்தக்க அளவுகோல்.

இதில் நோயாளியின் உயிரும் அடங்கியிருக்கிறது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை பெற்றவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் 7 சதவீதம் உயர்வது தெரியவந்தது.

எல்லாப் படுக்கைகளும் நிரம்பியிருப்பதைத் திறமையான நிர்வாகத்தின் அடையாளமாகக் கொள்வதும் தவறு. அவசர நோயாளிகள் சீராக வருவதில்லை. சராசரி நிரம்பல் 85 சதவீதத்தைத் தாண்டினால் இடநெருக்கடி தலைகாட்டும் என்றும், 90 சதவீதத்தைத் தாண்டினால் அது வாடிக்கையாகிவிடும் என்றும் பிரிட்டனில் 1999இல் வெளியான ஒரு கணினி மாதிரி ஆய்வு காட்டியது. படுக்கைகள் குறைவாக உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இன்னும் கூடுதலான விகிதத்தில் காலிப் படுக்கைகள் வேண்டியிருக்கும்.

கட்டடத்தை விரைவுபடுத்தலாம்; தீவிர சிகிச்சையில் தனித்துப் பொறுப்பேற்கத்தக்க ஒரு செவிலியரை, படிப்புக்கும் அதன்பின் வரும் அனுபவத்துக்கும் உரிய ஆண்டுகளைக் கொடுக்காமல் உருவாக்க முடியாது. எனவே புதிய படுக்கைகளை அறிவிக்கும் ஒவ்வொரு முறையும், அவற்றில் எத்தனைக்கு முழுநேரமும் பணியாளர் உண்டு, எஞ்சியவற்றுக்கு அவர்கள் எந்த ஆண்டில் கிடைப்பார்கள் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்