செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று நேரில் வந்திருக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், இவ்வறிக்கையின் ஒரு பகுதி அவர்களைப் பற்றியது என்பதால் அவர்களுக்கும் ஒரு படி அனுப்பப்படும்.

சிவகாசி வட்டாரப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கணினி நிரலாக்கம் கற்பிப்பதற்காகத் தொடங்கப்பட்ட நம் சங்கம், 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ஆற்றிய பணிகளை விதிப்படி பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. அவற்றில் இரண்டு கூட்டங்கள் கோரம் (விதிப்படி தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டன. ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலுக்குப் பள்ளி வாக்குச்சாவடியானதால் பழைய அணியின் நிறைவு வகுப்பு ஒரு வாரம் தள்ளிப்போனது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். ஆயுத பூஜைக்குக் கணினிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கப்பட்டது. அதில் ஒரு விசைப்பலகை பழுதானது, மாற்றப்பட்டது.

ஜூன் மாதம் 26 மாணவர்களுடன் தொடங்கிய ஞாயிறு வகுப்பு மார்ச் இறுதியில் 17 பேருடன் நிறைவுற்றது. திட்டமிட்டவை 40 வகுப்புகள், நடந்தவை 34. நடக்காத ஆறில் இரண்டு மழையால். மற்ற நான்கும் வகுப்பெடுக்க ஒப்புக்கொண்டவர் வராததால். தன்னார்வ ஆசிரியர் பட்டியலில் 12 பெயர்கள் உள்ளன. ஆண்டு முழுவதும் தொடர்ந்து வந்தவர்கள் நால்வர், அந்த நால்வரில் நானும் ஒருவன் என்பதைத் தற்பெருமைக்காக அல்ல, கணக்குக்காகவே குறிப்பிடுகிறேன். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும் ஊர் இது. அதன் பிறகு தீபாவளி வரை அச்சகத்தில் வேலை செய்கிற உறுப்பினருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பட்டியலில் அச்சகத்தோடு தொடர்புடையவர்கள் மூவர்தான்.

இவ்வாண்டின் முக்கியப் பணி என்று நான் கருதுவதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கோருகிறேன். பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் என்று நம் பாடத்திட்டத்திலேயே நிரலாக்கம் இருப்பதால், நம்மிடம் வருகிற பிள்ளைகளில் பலருக்கு மாறி, சரம், செயற்கூறு (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் பகுதி) என்ற சொற்கள் புதியவை அல்ல. நிரலை எழுதி ஓடவிட்டு, திரையில் ஏதோ ஓர் எண் வந்ததும் “ஓடிருச்சு சார்” என்று கை தூக்குவார்கள். வந்த எண் சரியா என்று கேட்டால், கணினி சொல்கிறதே என்பார்கள். இந்தப் பழக்கத்தை மாற்றுவதற்காக, மாணவர் ஒவ்வொருவருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்து, நிரலை எழுதத் தொடங்கும் முன்பே எந்த உள்ளீட்டுக்கு என்ன விடை வர வேண்டும் என்பதைக் கையால் கணக்கிட்டு மையில் எழுத வேண்டும், பிறகு அதில் அடித்தல் திருத்தல் கூடாது என்று விதி செய்தேன். இதைச் ‘சோதனை நோட்டு’ என்று அழைத்தோம். செயற்குழுவில் இதற்கு ஒப்புதல் பெறாமலேயே தொடங்கினேன் என்று டிசம்பர் கூட்டத்தில் எழுந்த குறைக்கு என் பதில், முந்தைய கூட்டம் கோரம் இல்லாமல் கலைந்தது என்பதே.

முதல் பயிற்சியாக மின்கட்டணக் கணக்கைக் கொடுத்தேன். நம் வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதும், முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லாததும், பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் இடைப்பட்ட யூனிட்டுகளுக்கும் வேறு விகிதம் வந்துவிடுவதும் பெற்றோர் வாயிலாகப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை. ஒரு மாணவர் 120, 350, 800 ஆகிய மூன்று அளவுகளுக்கு நிரலை ஓட்டிப் பார்த்தார், மூன்றும் சரி. நோட்டில் 0, 100, 101, 500, 501 ஆகியவற்றுக்கும் விடை எழுதச் சொன்னபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. 500 வரை என்று இருக்க வேண்டிய நிபந்தனையை 500க்குக் கீழ் என்று எழுதியிருந்தார். ஒரே ஒரு சமக்குறி விடுபட்டதில், சரியாக 500 யூனிட் பயன்படுத்திய வீட்டின் கட்டணம் இருக்க வேண்டியதைவிட இருநூறு ரூபாய்க்கு மேல் கூடிவிட்டது. தவறு எல்லைக்கோட்டின் மேல்தான் குடியிருக்கும் என்பதை அதற்குப் பிறகு நான் தனியாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. நிரலின் ஒவ்வொரு சிறு பகுதியையும் தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்ட் என்பதில் வருகிற யூனிட்டும் மின்வாரிய யூனிட்டும் ஒன்றா என்று ஒரு மாணவி கேட்டதையும் பதிவு செய்கிறேன். அந்தப் பயிற்சியைப் பொறுத்தவரை ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன்.

லீப் ஆண்டுப் பயிற்சி நம் ஊருக்கே உரியது. நான்கால் வகுபட்டால் லீப் ஆண்டு என்று எழுதிய நிரல் 2020க்கும் 2024க்கும் சரியான விடை தந்தது, 2000க்கும் தந்தது. 1900ஐ நோட்டில் எழுதியிருந்தவர்களிடம்தான் அது பிடிபட்டது, ஏனெனில் நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. நூறு பற்றிய விதியை மட்டும் சேர்த்துவிட்டு நானூறை மறந்த இன்னொருவரின் நிரல் 1900இல் தேறி 2000இல் வீழ்ந்தது. ஆகவே முழுவதும் தவறிய நிரலைக் கண்டுபிடிக்க 2000 உதவாது, பாதி திருந்திய நிரலைக் கண்டுபிடிக்க 1900 உதவாது, இரண்டும் வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரே கரும்பலகையில் எழுதினார். வகுப்பைப் பார்வையிட வந்திருந்த அச்சக உரிமையாளரான நம் உறுப்பினர், 2100ஆம் ஆண்டுக்கு நாம் யாரும் காலண்டர் அடிக்கப் போவதில்லையே என்றார். அவர் சந்தாவை முறையாகச் செலுத்துகிறவர் என்பதால் நான் மறுத்துப் பேசவில்லை.

நோட்டின் பயனை எனக்கே உறுதிப்படுத்தியது அக்டோபர் வகுப்பு. இருபக்கமும் ஒன்றாகப் படிக்கப்படும் சொல்லைக் கண்டறியும் நிரலை அன்று எழுதினோம். பாடப் பயிற்சிகளில் வருவது போல ‘மேடம்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துச் சரிபார்த்த ஆசிரியர், நிரல் முடிந்தது என்று அடுத்த பாடத்துக்குப் போக முனைந்தார். ஒரு மாணவி தன் நோட்டில் ‘விகடகவி’ என்று எழுதி, எதிரே ‘ஆம்’ என்று எழுதியிருந்தார். நிரல் ‘இல்லை’ என்றது. நோட்டைத் திருத்திக்கொள்ளுமாறு ஆசிரியர் சொல்ல, மையில் எழுதியதைத் திருத்தக் கூடாது என்று செயலாளர் விதி இருக்கிறதே என்று அந்த மாணவி மறுத்திருக்கிறார். பிறகு பிரித்துப் பார்த்தோம். பைத்தான் ‘வி’ என்பதை ஓர் எழுத்தாக எண்ணுவதில்லை; வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாக எண்ணுகிறது. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்கிறது. சொல்லைத் திருப்பிப் போட்டால் குறி எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விடை கணினிக்குத் தெரியவில்லை என்பது வெளிப்பட்டது, கணினியைக் கேட்பதற்கு முன் விடை எழுதப்பட்டிருந்ததால் மட்டுமே. எழுத்தையும் அதன் குறியையும் சேர்த்துப் பிடிக்கும் செயற்கூறை எழுதி முடிக்க மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வாரத்தில் பாடம் நகரவில்லை என்று பெற்றோர் இருவர் குறைபட்டது உண்மை.

நோட்டில் எழுதியதைக் கணினியிலும் பதிய, பைத்தானோடு சேர்ந்தே வரும் டாக்டெஸ்ட் வசதியைப் பயன்படுத்தினோம். செயற்கூறின் விளக்கத்துக்குள்ளேயே எடுத்துக்காட்டையும் எதிர்பார்க்கும் விடையையும் எழுதிவிடலாம். நிரலை மாற்றும் ஒவ்வொரு முறையும் அனைத்தையும் மீண்டும் சரிபார்த்துவிடலாம். பைடெஸ்ட் என்ற மற்றொரு சோதனைக் கருவி இதைவிட வசதியானது என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள். அதைத் தனியாக இறக்கி நிறுவ வேண்டும். நமக்கு இடம் தந்திருக்கும் பள்ளியின் இணைய வேகத்தில் நம் வகுப்பு நேரம் முழுவதும் அதற்கே செலவாகியிருக்கும்.

ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் உலகெங்கும் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களிலும் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். ஆகஸ்டில் அந்நிறுவனமே வெளியிட்ட விளக்கத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன். 20 மதிப்புகள் மட்டுமே தரப்பட்டிருந்த இடத்தில் நிரல் 21ஆவதைப் படிக்கப் போயிருக்கிறது. நம் மாணவர்கள் முதல் மாதத்தில் பட்டியல்களைக் கையாளும்போது செய்கிற அதே தவறு என்பதில் அவர்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நான் தடுக்கவில்லை.

இத்திட்டத்துக்கு எதிர்ப்பே இல்லை என்று சொல்வது முறையாகாது. இணையதளம், விளையாட்டு, செயலி என்று பிள்ளைகள் எதையாவது செய்து காட்டினால்தான் ஊரில் சங்கத்துக்குப் பெயர் கிடைக்கும், நோட்டில் கணக்குப் போடுவதால் கிடைக்காது என்பது ஒரு தரப்பு. பிழை இருப்பதைச் சோதனை காட்டுமே தவிர, பிழையே இல்லை என்பதைக் காட்டாது என்று கணினியியல் அறிஞர் டைக்ஸ்ட்ரா சொன்னதை எடுத்துக்காட்டி மற்றோர் உறுப்பினர் நெடுநேரம் பேசினார். டைக்ஸ்ட்ரா சொன்னது முற்றிலும் சரி. அவரை எடுத்துக்காட்டிய உறுப்பினர் டாக்டெஸ்ட் வகுப்பு எடுப்பதாக ஒப்புக்கொண்ட மூன்று ஞாயிறுகளிலும் வரவில்லை என்பதும் சரி.

இனி, ஜூன் மாதக் கடிதம் குறித்து நான் விளக்கம் அளிக்கக் கடமைப்பட்டுள்ளேன். சந்தா நிலுவையைக் கணக்கிட்டு நினைவூட்டுக் கடிதம் அச்சிடும் நிரலை எழுதியவன் நான். ஏப்ரல் 30க்குள் சந்தா செலுத்திய ஏழு பேருக்குத் தாமதக் கட்டணம் கேட்டுக் கடிதம் சென்றது. காரணம் எளியது. பதிவேட்டிலிருந்து தட்டச்சு செய்த தேதிகள் எண்களில் இருந்தன. 05/04 என்பதை நாம் ஏப்ரல் 5 என்று படிக்கிறோம்; நிரல் பயன்படுத்திய நூலகம் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு) அமெரிக்க முறைப்படி மே 4 என்று படித்தது. எழுதி முடித்ததும் நான் சரிபார்க்கவே செய்தேன், ஆனால் என் சந்தாவை மட்டும் வைத்து. நான் செலுத்தியது ஏப்ரல் 15. பதினைந்தாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் நிரல் தானே அதை நாள் என்று கொண்டு சரியான விடை தந்தது. நான்காம் தேதி செலுத்தியவருக்கும் சிக்கல் இல்லை, எப்படிப் படித்தாலும் அது ஏப்ரல் 4தான். ஐந்து முதல் பன்னிரண்டாம் தேதி வரை செலுத்திய ஏழு பேரும் மாட்டிக்கொண்டார்கள். மாணவர்களுக்குச் சோதனை நோட்டு கொடுக்கும் எண்ணம் எனக்கு அந்த வாரத்தில்தான் தோன்றியது என்பதைச் சிலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். நான் அதை மறுத்ததில்லை. ஏழு பேருக்கும் மன்னிப்புக் கடிதம் அனுப்பப்பட்டது. நிரல் பின்னர் வகுப்பிலேயே பயிற்சியாகக் கொடுக்கப்பட்டு, மாணவர்கள் அதில் மேலும் இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். அவை பற்றி இங்கே விரிக்க வேண்டியதில்லை.

விரிக்க வேண்டியது வேறொன்று. தவறான கடிதம் ஏழு பேருக்குத்தான் சென்றது. அக்கடிதத்தைக் காரணம் காட்டிச் சந்தா செலுத்தாமல் இருப்பவர்கள் 23 பேர். அந்த ஏழு பேரில் ஒருவர்கூட இந்த 23இல் இல்லை. சங்கத்தின் கணக்கே சரியில்லை என்று பேருந்து நிலையத்தில் என்னிடம் சொன்ன உறுப்பினரின் நிலுவை இரண்டு ஆண்டுகளுக்கு உரியது. இதை நான் நிரலால் கணக்கிடவில்லை, கையால் கணக்கிட்டேன். மொத்த உறுப்பினர் 58 பேர், ஆண்டுச் சந்தா 300 ரூபாய் என்பதைக் கொண்டு மற்றதை உறுப்பினர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தாவும் நன்கொடையும் சேர்ந்த வரவு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, செலவு ஏறத்தாழ அதே அளவு. பற்றாக்குறையை வைப்பிலிருந்து ஈடுசெய்தோம். சோதனை நோட்டுகள் ஒரு நலவிரும்பியால் அச்சிட்டுத் தரப்பட்டதால் சங்கத்துக்குச் செலவில்லை. தணிக்கை செய்யப்பட்ட விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அவர் இன்று வர இயலாததால் துணைத் தலைவர் வாசிப்பார்.

கணினி அறையைத் தந்து உதவும் பள்ளி நிர்வாகத்துக்கும், ஞாயிறு தோறும் கதவு திறந்துவிடும் காவலருக்கும், தேநீர் அனுப்பிய கடைக்காரருக்கும், தொடர்ந்து வந்த மூன்று ஆசிரியர்களுக்கும், இதழ்களில் செய்தி வெளியிட்ட நண்பர்களுக்கும், தலைவர் அவர்களின் வழிகாட்டுதலுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ஜூன் முதல் ஞாயிறு புதிய அணி தொடங்க வேண்டும். இதுவரை 31 விண்ணப்பங்கள் வந்துள்ளன. மையில் எழுதிய நோட்டை அருகில் அமர்ந்து பார்க்க எட்டு மாணவருக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும். இருக்கிற நால்வரில் ஒருவர் பணி மாறுதலில் கோவை போகிறார். எனவே ஒருவராவது புதிதாக வராவிட்டால் விண்ணப்பித்தவர்களில் ஏழு பேரையாவது திருப்பி அனுப்ப நேரும், அந்தக் கடிதத்தை எழுத வேண்டியவனும் நானே. பைத்தான் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பிள்ளை சொல்லும் விடையைக் கையால் கணக்கிட்டுச் சரிபார்க்கப் பொறுமை இருந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். என் பதவிக்காலம் செப்டம்பரில் முடிகிறது. மீண்டும் நிற்பதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. வேறு யாராவது முன்வந்தால் பதிவேடுகளையும், திருத்தப்பட்ட நிரலையும், அதற்கு மாணவர்கள் எழுதிய 19 சோதனைகளையும் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

ரசீதுப் புத்தகம் வாசலருகே உள்ள மேசையில் இருக்கிறது. இன்று சந்தா செலுத்துவோர் தேதியில் மாதத்தை எண்ணால் குறிக்காமல் பெயரால் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பணிவுள்ள,
செயலாளர்