அது மாளிகை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்து பயணக் கட்டுரையில் போர்டும்னா ஊர்க் கட்டடத்தின் படத்தைப் போட்டு, ‘பழமை மாறாத கல் மாளிகை’ என்று எழுதியிருந்தீர்கள். அது மாளிகை அல்ல. போக்கிடம் இல்லாத ஏழைகளை உள்ளே வைத்து வேலை வாங்கிய வொர்க் ஹவுஸ். உருளைக்கிழங்குப் பஞ்சம் ஓயும் நேரத்தில், 1852-இல் திறந்தார்கள். இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருக்கிறது.

மகள் அங்கே கால்வேயில் வேலை பார்ப்பதால் நான் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். வெளியே அழகுதான், மறுக்கவில்லை. உள்ளே சுவருக்குப் பூச்சே கிடையாது. கல்லின் மேல் நேரடியாகச் சுண்ணாம்பு. கட்டில் கொடுக்கும் வழக்கமும் இல்லை. இரண்டு பக்கமும் திண்ணை மாதிரி மரமேடை, நடுவில் நடைவழி. அதில் வைக்கோல் மெத்தை போட்டு வரிசையாகப் படுக்க வேண்டும். செலவு குறையணும், கட்டடம் நிற்கணும், அலங்காரம் கூடாது: கட்டடத்தை வடிவமைத்த ஜார்ஜ் வில்கின்சனுக்கு மேலிடம் சொன்னது இவ்வளவுதான்.

என்னை உலுக்கியது முற்றங்களைப் பிரிக்கும் மதில்கள். குடும்பம் இருந்தால் எல்லோரும் ஒன்றாக வந்தால்தான் சேர்ப்பார்கள். சேர்ந்த உடனே அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், பையன்கள், பெண்பிள்ளைகள் தனித்தனி. இரண்டு வயது தாண்டிவிட்டால் குழந்தை தாயோடு இருக்க முடியாது. வெளியே எவ்வளவு கஷ்டப்பட்டாலும் உள்ளே அதைவிட மோசமாக இருக்க வேண்டும், அப்போதுதான் கூட்டம் சேராது என்பது சட்டம் போட்டவர்களின் கணக்கு. 1847-க்குப் பிறகு, கால் ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தால் அதை விட்டுக்கொடுத்த பிறகுதான் கஞ்சி. பசிக்கிறவனிடம் நிலத்தைக் கேட்கிற கொடுமையை என்னவென்று சொல்வது!

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து அந்தப் பஞ்ச நிவாரணத்தை இறுக்கிப் பிடித்த சார்லஸ் ட்ரெவெல்யான்தான் 1859-இல் சென்னைக்கு ஆளுநராக வந்தார். அப்புறம் தாது வருடப் பஞ்சத்தில், நிவாரணத்தை மேற்பார்க்க வந்த ஆங்கில அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுக்க உழைக்கிற ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியை வெட்டினாரே, அதற்குப் பின்னாலும் இதே எண்ணம்தான்.

போர்டும்னாக்காரர்கள் எதையும் மறைக்கவில்லை. 2011 முதல் அதை மக்களுக்குத் திறந்து வைத்து, உள்ளே நடந்ததைச் சொல்கிறார்கள். நம் பத்திரிகையும் அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்த வேண்டும். இடம் இருந்தால் அந்த மதில்களின் படத்தையும் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி, திருச்சி