சேகருக்கு, ரைட்ஸைப் பற்றி

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மே மாதத்தோடு கல்லூரி வேலை முடிகிறது, அதோடு பானை வனைவதற்கும் ஒரு கும்பிடு என்று எழுதியிருக்கிறாய். பென்ஷன் பேப்பர் இழுத்தடிக்கிற எரிச்சலா, முட்டி வலியா, தெரியவில்லை. எதுவானாலும் கொஞ்சம் பொறு. நான் இப்போது டான் ரைட்ஸ் என்ற அமெரிக்கப் பானைக் கலைஞரைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கும் சொல்லவேண்டும்.

பென்சில்வேனியாக்காரர், 1929-இல் பிறந்தவர். அமெரிக்கக் கடற்படையில் டைவராக இருந்தார், கறிக்கடையிலும் வேலை பார்த்தார். மண்ணுக்கு வந்தது தாமதமாகத்தான். 1962-இல் ஆல்ஃபிரட் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த கையோடு மாடிசனில் இருக்கும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1988 வரை அங்கேதான்.

அவருக்குப் பேர் வாங்கித் தந்தது உப்பு. சூளை 1,250 டிகிரியைத் தாண்டியதும் சாதாரண உப்பை உள்ளே வீசுவார்கள். அது ஆவியாகி, சோடியம் மண்ணிலுள்ள சிலிகாவோடு சேர்ந்து பானையின் மேலேயே கண்ணாடியாகிவிடும். தனியாக கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு பூச வேண்டாம். தொட்டால் ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக இருக்கும். நம் ஊர்த் தெருவைத் தோண்டும்போது வருமே பழைய பழுப்புச் சாக்கடைக் குழாய், அதற்கும் இதே வித்தைதான். அமெரிக்காவிலும் அது குழாயோடும் பழைய ஜாடிகளோடும் நின்றுபோயிருந்தது. மறுபடி கலைக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இவர். ‘மிஸ்டர் சால்ட்’ என்றே கூப்பிட்டார்களாம்.

1982-இல் பெரிய வண்டி விபத்து. படுத்த படுக்கை, பானைச் சக்கரத்தின் முன்னால் உட்கார வழியில்லை. அதே சமயம் அண்ணன் தம்பி வழியோ அக்கா தங்கை வழியோ, ஐந்து வயது சாரா என்ற சின்னப் பெண்ணுக்குப் புற்றுநோய். இரண்டு நோயாளிகளும் ஒருவருக்கொருவர் படம் வரைந்து அனுப்பிக்கொண்டார்கள். அந்தக் கிறுக்கல்கள் தட்டுகளில் ஏறின. இருபது வருஷம் பழுப்பும் சாம்பலுமாகச் செய்தவர் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பூச ஆரம்பித்தார், அதுவும் குறைந்த சூட்டில். எல்லாத் தட்டும் எனக்குப் பிடிக்கிறது என்று சொல்லமாட்டேன், சிலது வெறும் கூச்சல். ஆனால் ஐம்பது தாண்டிய ஒரு பேராசிரியர் ஐந்து வயதுப் பிள்ளையிடம் பாடம் கேட்டாரே, அதற்கு மனசு வேண்டும். சாரா பிழைத்துக்கொண்டாள்.

ஓய்வு பெறும்போது அவருக்கு 58 வயது. அரிசோனாவில் கிளார்க்டேல் என்ற சின்ன ஊருக்குப் போனார். அங்கே விறகுச் சூளைதான் வேலையே. விறகுச் சூளை எப்படி ஆளைப் பிழியும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. நாள்கணக்கில், இரவும் பகலும் முறை வைத்துக் கட்டை போடவேண்டும். பறக்கிற சாம்பல் ஜாடியின் தோளில் உட்கார்ந்து, உருகி, பச்சையாக வழியும். அடுப்பு வாய்க்கு நேராக இருந்த பக்கம் தடித்துக் கருத்திருக்கும், மறுபக்கம் மண்ணின் செம்மையே தெரியும். ரைட்ஸின் கடைசிக்கால ஜாடிகளைப் படத்தில் பார். ஆள் உயரத்துக்குப் பக்கம் வரும் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கீறி, நசுக்கி வைத்திருக்கிறார். வழவழப்பே கிடையாது. வகுப்பு, மார்க், கமிட்டி மீட்டிங் எல்லாம் போனபிறகு செய்தவை. என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே இவைதான் ஒசத்தி. 2014-இல், 84 வயதில், அந்த ஊரிலேயே காலமானார்.

அப்புறம், இங்கே பொங்கல் கழிந்ததும் சூளை மூட்டுகிறோம். சவுக்கு இறக்கியாயிற்று, நன்றாகவே காய்ந்திருக்கிறது. பையன்கள் பகலில் வந்துவிடுவார்கள், நடுராத்திரி முறைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. உன்னை எழுதிக்கொள்ளட்டுமா? ஸ்டூல் போட்டுத் தருகிறேன், உட்கார்ந்தே கட்டை தள்ளலாம். சுடாத பச்சைப் பானை நாலைந்து கொண்டுவந்தால் முன்வரிசையில் இடம் வைக்கிறேன். பஸ்ஸில் வந்தால் வைக்கோல் நிறையச் சுற்று.

சுமதியைக் கேட்டதாகச் சொல். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானா?

உன்,
கண்ணன்