அங்கன்வாடி மாலை ஆறரை வரை திறந்திருக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூரில் டெய்லர் கிடைக்கவில்லை, செக்கிங்குக்கு ஆள் இல்லை என்று உங்கள் வணிகப் பக்கத்தில் அடிக்கடி செய்தி வருகிறது. வட மாநிலத் தொழிலாளர்களை நம்பித்தான் இனி ஊர் ஓட வேண்டும் என்று அதில் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். 15 வேலம்பாளையம் என்ற பகுதியில் பதினெட்டு தையல் மிஷின் போட்டு, கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுப்பவன் நான். என்னைக் கேட்டால், ஆள் ஊரிலேயேதான் இருக்கிறார்கள். கைப்பிள்ளையோடு வீட்டில் இருக்கிறார்கள்.

என் யூனிட்டில் பாதிக்கு மேல் பெண்கள். காலை எட்டரைக்கு வந்தால் ஒரு ஷிப்ட் ஐந்தரைக்கு முடியும். சரக்கு அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட், வீடு போய்ச் சேர இரவு ஒன்பது. எங்கள் தெரு அங்கன்வாடி திறப்பது காலை ஒன்பதரை, பத்துக்கு. சாப்பாடு போட்டு, தூங்க வைத்து, சாயங்காலம் நாலு மணிக்குள் பூட்டிவிடுவார்கள். வேலைக்குப் போகிற தாய், காலையில் ஒரு மணி நேரத்துக்கும் மாலையில் இரண்டு மணி நேரத்துக்கும் வேறு ஆள் பார்க்க வேண்டும். வீட்டில் மாமியார் இருந்தால் பிழைத்தாள். இல்லையென்றால், "அண்ணா, நாலு மணிக்கு விட்ருங்கண்ணா, டீச்சர் பூட்டிருவாங்க" என்று கேட்பாள். லைனில் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் ஒன்று நின்றால் பின்னால் இருக்கும் நாலு பேரும் சும்மா உட்கார வேண்டும். நானும் எத்தனை நாள்தான் விடுவேன்? மூன்றாவது வாரம் அவளே நின்றுவிடுவாள். பிறகு வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டுவாள், பீஸுக்குப் பைசாக் கணக்கில். ஓவர்லாக்கில் வாங்கியதில் கால்வாசிகூட அதில் வராது.

தனியார் நர்சரியில் போட வேண்டியதுதானே என்பார்கள். அங்கே எல்.கே.ஜி. மதியத்தோடு முடிந்துவிடுகிறது. பன்னிரண்டரைக்கு வேன் வந்து பிள்ளையைத் தெருமுனையில் இறக்கிவிடும். கட்டாயக் கல்விச் சட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் உண்டு. நம் மாநிலத்தில் எல்.கே.ஜி.யிலேயே அதில் சேர்க்கலாம், கட்டணத்தை அரசு பள்ளிக்குக் கொடுத்துவிடும். நல்ல சலுகைதான், குறை சொல்லவில்லை. ஆனால் குலுக்கலில் பெயர் வந்த பிள்ளைக்கும் அந்தப் பன்னிரண்டரை வேன்தான்.

அப்புறம் என்ன நடக்கும்? பிள்ளை யூனிட்டுக்கு வரும். கட்டிங் டேபிளுக்கு அடியில், வேஸ்ட் துணி மூட்டைமேல் ஒரு மூன்று வயதுக்காரி இப்போதும் உட்கார்ந்திருக்கிறாள். மிஷின் பக்கம் போகாமலிருக்க நடுவில் பலகை வைத்து அடைத்திருக்கிறேன். பஞ்சுத் தூசியில் அவளுக்கு எந்நேரமும் மூக்கு ஒழுகுகிறது. நூல்கண்டைக் காட்டினால் நேவி, மெரூன், மெலாஞ்ச் என்று நிறத்தைச் சரியாகச் சொல்வாள். வெளியே செம்பருத்தியைக் காட்டிக் கேட்டால் அதுவும் மெரூன்தான். ஒரு பாட்டோ கதையோ சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரமில்லை. மிஷின் சத்தத்தில் சொன்னாலும் காதில் விழாது.

அவள் பாடு பரவாயில்லை. பக்கத்து காம்பவுண்டில் ஒடிசாக் குடும்பம் ஒன்று. அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போக, ஒன்பது வயது அக்காள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லாததால் இங்கே பள்ளிக்கூடம் போகாமலிருப்பது மூத்த பிள்ளை. இது எந்தக் கணக்கிலும் வராது.

குழந்தைகள் காப்பகம் வைப்பது முதலாளியின் கடமை என்று சட்டம் சொல்வது எனக்கும் தெரியும். 1948 தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் காப்பகம் வேண்டும் என்றது. 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் 50 பேர் என்றது. என்னைப்போல் பத்து மிஷின், இருபது மிஷின் வைத்திருப்பவர்கள் இரண்டிலும் வரமாட்டோம். ஊரில் நிறையத் தையல் பவர் டேபிள் என்று சொல்லும் இப்படிப்பட்ட சிறு யூனிட்களில்தான் நடக்கிறது. ஆளுக்கு ஒரு காப்பகம் வைக்கச் சொன்னால் எங்களால் முடியாது. தெருவுக்கு ஒன்றாக அரசு கட்டி வைத்திருக்கும் கட்டடத்தைக் காலையில் முன்னதாகத் திறந்து, மாலையில் இன்னும் இரண்டரை மணி நேரம் திறந்துவைக்கச் சொல்லுங்கள், அது எல்லோருக்கும் ஆகும்.

கோவையில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் என் மகள் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்கா, ஐரோப்பா கதை இல்லை, தமிழ்நாட்டிலேயே நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளில் நடந்தது. அலெஹான்ட்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்று மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் செய்தது. குலுக்கல் முறையில் பாதி மையங்களை எடுத்து, அங்கே மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரைப் போட்டார்கள். மீதி மையங்கள் எப்போதும்போல் நடந்தன. ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால், ஆள் போட்ட மையங்களில் கற்றுத்தரும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். அதைவிட எனக்கு ஆச்சரியம், வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளும், ஊட்டச்சத்துக் குறைபாடு முற்றிய பிள்ளைகளும் அங்கே குறைந்திருந்தார்கள்.

பாடம் சொல்ல ஆள் போட்டால் உடம்பு எப்படித் தேறும் என்று மகளிடம் கேட்டேன். புது ஆள் பாடத்தைப் பார்த்துக்கொள்ள, ஏற்கெனவே இருந்த டீச்சருக்கு ஊட்டச்சத்து, சுகாதார வேலைகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததாம். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டெய்லருக்குக் கூடமாட உதவ ஒரு கைமடி ஆள் கொடுத்தால் பீஸும் கூடும், டேமேஜும் குறையும். செலவைப்போல் 13 முதல் 21 மடங்கு வரை, அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகிச் சம்பாதிப்பதில் திரும்பக் கிடைக்கும் என்று ஆய்வாளர்கள் உத்தேசமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மதிப்பீடுதான், கூடக் குறைய இருக்கலாம். மூன்று மடங்கு என்றாலே நான் கடன் வாங்கி மிஷின் போடுவேன்.

ஆகவே, இருக்கிற டீச்சரையே ஆறரை வரை உட்காரச் சொல்வதை நான் கேட்கவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே செல்போனில் விவரம் ஏற்றுவது, எடை, உயரம் பார்ப்பது, கர்ப்பிணிப் பதிவு, தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வேலை என்று தலைக்குமேல் கிடக்கிறது. 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ள மாநிலத்தில் 2025இல் மட்டும் 7,783 காலி இடங்களை நிரப்ப அறிவிப்பு வந்தது என்றால், அதுவரை ஒரே டீச்சர் எத்தனை மையங்களைச் சேர்த்துப் பார்த்திருப்பார் என்று யோசியுங்கள். காலை எட்டு மணிக்கு வந்து திறக்க ஒருவர், மதியம் வந்து ஆறரைக்குப் பூட்டிப்போக ஒருவர், இரண்டு பேரும் அரை நாள் வேலை. பிளஸ் டூ படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் இதே தெருக்களில் கிடைப்பார்கள். முதலில் எல்லா ஊருக்கும் வேண்டாம். பனியன் கம்பெனிகள் உள்ள திருப்பூர் வார்டுகளில் ஆரம்பித்துப் பார்க்கட்டும்.

பிள்ளையை விட இடம் கிடைத்தால் பெண்கள் உண்மையிலேயே வேலைக்கு வருவார்களா என்று சந்தேகப்படுபவர்களுக்கு, கென்யாவின் நைரோபியில் கோரோகோச்சோ என்ற குடிசைப் பகுதியில் செய்து பார்த்திருக்கிறார்கள். காப்பகக் கட்டணத்துக்கு வவுச்சர் கொடுத்த தாய்மார்களில் வேலையில் இருந்தவர்கள், கொடுக்காதவர்களைவிட 8.5 சதவீதப் புள்ளி அதிகம். கணவன் துணையில்லாத தாய்மார்கள் நேரம் ஒழுங்கான வேலைக்கு மாறியிருக்கிறார்கள், வருமானமும் குறையவில்லை. ஒன்றரை ஷிப்ட் பார்த்து ஓய்ந்துபோகும் எங்கள் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையும் மகள் சொன்னாள், அதையும் எழுதிவிடுகிறேன். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1997இல் நாளுக்கு ஐந்து டாலருக்குக் காப்பகம் கொண்டுவந்தார்கள். தாய்மார்கள் நிறையப் பேர் வேலைக்குப் போனார்கள். ஆனால் பிற்பாடு பேக்கர், குரூபர், மில்லிகன் என்ற ஆய்வாளர்கள் பார்த்தபோது, பிள்ளைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியிருந்தன. இடத்தைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆறரை வரை பாயில் படுக்க வைத்துக் கதவைச் சாத்துவதற்குப் பெயர் காப்பகம் என்றால், அந்த மூன்று வயதுக்காரி என் கட்டிங் டேபிளுக்கு அடியிலேயே இருக்கட்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்த்து நடத்த மத்திய அரசின் பால்னா திட்டத்தில் வழி இருக்கிறது. ஆறு மாதக் குழந்தை முதல் ஆறு வயது வரை சேர்க்கலாம். செலவில் 60 மத்திய அரசு, 40 மாநில அரசு. மாநிலத்தின் பங்கில் ஒரு பகுதியை எங்களிடம் வாங்கிக்கொள்ளட்டும். எனக்கு இதில் சுயலாபம் உண்டு, மறைக்கவில்லை. நாலு மணிக்கு மிஷின் நிற்காது. எங்கள் தெருவில் யூனிட் வைத்திருக்கும் மற்றவர்களிடமும் பேசிவிட்டேன். சனிக்கிழமை சம்பளம் போடும்போது மிஷினுக்கு இவ்வளவு என்று எடுத்து வைக்கத் தயாராக இருக்கிறார்கள். தொழிலாளியின் கூலியில் பிடிக்கக் கூடாது என்பதிலும் எல்லோரும் ஒரே பேச்சு. எந்தத் துறையில், எந்தக் கணக்கில் கட்டுவது என்று மாவட்ட நிர்வாகம் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துபவர்,
15 வேலம்பாளையம், திருப்பூர்.